படம் உண்டு, ஒலி இல்லை



மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பெரிய திரையில் காணும் வழக்கம் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் நிலைத்துவிட்டது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில், பள்ளிப் பாடத்தையும் ஆலய வழிபாட்டையும் வீட்டிலிருந்தவாறே காண வேண்டிய நிலை ஏற்பட்டபோது இவ்வழக்கம் விரைந்து பரவியது. ஊரடங்கு நீங்கிய பின்னும் வழக்கம் நீங்கவில்லை. அயல்நாட்டில் பணிபுரியும் பிள்ளைகளோடு உரையாடவும், நேரில் செல்ல இயலாத திருமணத்தையும் அடக்கச் சடங்கையும் நேரலையில் காணவும் குடும்பங்கள் இம்முறையையே நாடுகின்றன.

இவ்விணைப்பில் அடிக்கடி நேரும் இடர் ஒன்று உண்டு. திரையில் படம் தெளிவாகத் தெரியும். ஒலி மட்டும் வராது. அல்லது, ஒலியானது தொலைக்காட்சியிலிருந்து எழாமல், கணினியின் சிறு ஸ்பீக்கரிலிருந்தே மெல்லக் கேட்கும். இளையோர்க்கு இது சிறு தொல்லை. செவிப்புலன் குன்றிய முதியோர்க்கோ பேரிழப்பு. தொலைவில் இறந்துபோன உடன்பிறப்பின் அடக்கத்தை இங்கிருந்து காணும் ஒரு மூதாட்டிக்கு, உதடுகள் அசைவது மட்டும் தெரிந்து என்ன பயன்? பதிவை மறுநாள் காணலாம் என்பது உண்மையே. ஆயினும், அந்நேரத்தில் தாமும் உடனிருந்தோம் என்னும் ஆறுதலைப் பதிவு தருவதில்லை.

இவ்விடரால் விளையும் தீமை இன்னொன்றும் உண்டு. அது வீண் செலவு. கேபிள் கெட்டுவிட்டது என்று புதிய கேபிள் வாங்குகிறோம். அதிலும் ஒலி வராவிடில் தொலைக்காட்சியைப் பழுதுபார்ப்பவரை அழைக்கிறோம். முடிவில் புதிய பெட்டியையே வாங்கத் துணிவோரும் உளர். ஆனால், படம் நன்றாக வந்து ஒலி மட்டும் வராத வேளைகளில் பெரும்பாலும் எந்தப் பொருளும் கெட்டிருப்பதில்லை. ஒலி வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது; அல்லது வழியில் ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கிறது. அது எங்கே நின்றது என்று வரிசையாகத் தேடினால் பைசாச் செலவின்றிக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வரிசையையே இம்மாதம் காண்போம்.

ஒலி செல்லும் வழி

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரே கேபிளில் வரும் படம் வந்து சேர, ஒலி மட்டும் ஏன் வழிதவறுகிறது?

இன்று நாம் பெரிதும் பயன்படுத்தும் கேபிள் எச்.டி.எம்.ஐ. எனப்படுவது. இதன் முதல் விதிமுறை 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. அதன் முனையில் 19 ஊசிகள் உள்ளன. ஆயினும், அவற்றுள் கணினியிலிருந்து வரும் ஒலிக்கென்று தனி ஊசி இல்லை. படத்தின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படும்போது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே நமக்குப் புலப்படாத சிறு இடைவெளி உண்டு. ஒலி சிறுசிறு பொட்டலங்களாகி, அந்த இடைவெளிகளில் ஏறிக்கொண்டு செல்கிறது. ஆகவே படம் வரும் கம்பிகளிலேயே ஒலியும் வருகிறது. படம் குறையின்றி வருமாயின் கேபிளின் மீது பழி சுமத்தப் பெரும்பாலும் இடமில்லை.

அப்படியாயின் தவறு எங்கே? கணினிக்கு ஒலியை வெளியிடும் வாயில்கள் பல உண்டு: அதன் சொந்த ஸ்பீக்கர், காதில் அணியும் ஹெட்போனுக்கான துளை, புளூடூத், எச்.டி.எம்.ஐ. எனப் பலவாறு. ஒரு நேரத்தில் பொதுவாக அவற்றுள் ஒன்றையே அது பயன்படுத்தும். கேபிளைச் செருகியதும் படம் அங்கே செல்லலாம். ஒலியோ, “இனி நீ அங்கே செல்” என்று யாரேனும் சொல்லும்வரை பழைய இடத்திலேயே நின்றுவிடலாம். சில கணினிகள் தாமாகவே மாற்றிக்கொள்ளும், சில மாற்றிக்கொள்வதில்லை. நேற்று மாற்றிக்கொண்ட கணினி இன்று மாற்றாமலிருப்பதும் உண்டு.

ஆகவே ஒலி கடக்க வேண்டிய வாயில்கள் நான்கு எனக் கொள்வோம். முதலாவது, கணினியில் இயங்கும் செயலி. இரண்டாவது, கணினியின் ஒலித் தெரிவு. மூன்றாவது, கேபிளும் துளையும். நான்காவது, தொலைக்காட்சிப் பெட்டி. இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே ஒலி வருகிறதா என்று கேட்க வேண்டும். நால்வர் கூடி நான்கையும் ஒருங்கே மாற்றினால், ஒலி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. மறுமுறையும் அதே திண்டாட்டம்தான்.

முதலில் எளியவை

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் எளியவற்றைப் பார்த்துவிடுவது நலம். தொலைக்காட்சியின் ரிமோட்டில் ஒலியடக்கும் பொத்தான் தவறி அழுத்தப்பட்டுள்ளதா? ஒலியளவு பூஜ்யத்தில் நிற்கிறதா? கணினியின் திரை ஓரத்திலுள்ள ஸ்பீக்கர் குறியின் மீது குறுக்குக் கோடோ பெருக்கல் அடையாளமோ உள்ளதா? கணினியில் ஹெட்போன் செருகப்பட்டுள்ளதா? மேசை இழுப்பறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்போன், யாரும் அறியாமல் கணினியோடு இணைந்து ஒலி முழுவதையும் வாங்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

காணொளி ஓடும் பக்கத்திலும் தனி ஒலியளவு உண்டு. அதன் சிறு ஸ்பீக்கர் குறி அடைக்கப்பட்டிருந்தால் மற்றெல்லாம் சரியாயிருந்தும் ஒலி வராது. ஆகவே கணினியின் ஒலியளவு, காணொளியின் ஒலியளவு, தொலைக்காட்சியின் ஒலியளவு ஆகிய மூன்றையும் பாதிக்கு மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்குக.

கணினியின் ஒலித் தெரிவு

பத்தில் ஏழெட்டு வீடுகளில் இடர் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. விண்டோஸ் அமைப்புள்ள கணினியில், திரையின் கீழ்ப்பட்டையில் வலப்பக்கம் ஸ்பீக்கர் குறி இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒலியளவுக் கோடு தோன்றும். விண்டோஸ் 11-இல் அக்கோட்டின் அருகே உள்ள சிறு குறியையும், விண்டோஸ் 10-இல் ஸ்பீக்கரின் பெயருக்கு அருகே உள்ள மேல்நோக்கிய அம்பையும் சொடுக்குக. ஒலி வாயில்களின் பட்டியல் விரியும். அதில் தொலைக்காட்சியைச் செய்த நிறுவனத்தின் பெயரோ, பெட்டியின் மாதிரி எண்ணோ காணப்படும். அதைத் தெரிவு செய்தால் போதும். ஒலி தொலைக்காட்சிக்கு மாறிவிடும்.

ஆப்பிள் கணினி வைத்திருப்போர் அமைப்புகளில் ‘சவுண்ட்’ என்னும் பகுதியில் ‘அவுட்புட்’ என்பதைத் திறந்து தொலைக்காட்சியைத் தெரிவு செய்ய வேண்டும். அவ்வாறு செய்தபின் கணினியின் ஒலியளவு விசைகள் பொதுவாக வேலை செய்யா. அது பழுதன்று, அதன்பின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் தொலைக்காட்சியின் ரிமோட்டையே பயன்படுத்த வேண்டும்.

பட்டியலில் தொலைக்காட்சியின் பெயரே இல்லையாயின் இரண்டு காரணங்களை எண்ணிப் பார்க்கலாம். முதலாவது, யாரோ ஒருவர் அவ்வாயிலை முன்பு முடக்கி வைத்திருக்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘சவுண்ட்’ என்று சென்று, கூடுதல் ஒலி அமைப்புகளைத் திறந்தால் ‘பிளேபேக்’ என்னும் தாள் தோன்றும். அதன் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, முடக்கப்பட்டவற்றையும் காட்டுமாறு கேட்கலாம். மங்கலாகத் தோன்றும் பெயரை மீண்டும் இயக்கி, அதையே இயல்பான வாயிலாக அமைத்துக்கொள்க.

இரண்டாவது காரணம், படம் தொலைக்காட்சிக்கு அனுப்பப்படாதிருத்தல். படத்தின் இடைவெளிகளில்தான் ஒலி பயணம் செய்கிறது என்று கண்டோம். படமே செல்லாவிடில் ஒலிக்கு வாகனம் ஏது? ஆகவே கணினியின் திரையில் மட்டும் படம் தெரியும்படி அமைத்திருந்தால், பட்டியலிலிருந்து தொலைக்காட்சியின் பெயர் மறைந்துவிடும். விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தி, இரு திரையிலும் ஒரே படம் தெரியும் முறையைத் தெரிவு செய்க, பெயர் திரும்பிவிடும்.

பச்சைக் கோடு சொல்லும் சாட்சி

மேற்சொன்ன ‘பிளேபேக்’ தாளில் இன்னொரு நன்மையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வாயிலின் பெயருக்கும் பக்கத்தில் சிறிய செங்குத்துப் பட்டை ஒன்று இருக்கும். அவ்வாயில் வழியே ஒலி செல்லும்போது பட்டை பச்சை நிறத்தில் ஏறி இறங்கும். ஒரு பாடலை ஓடவிட்டு இதைப் பாருங்கள்.

கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கு எதிரே பச்சை ஆடினால், ஒலி இன்னும் பழைய வழியில் செல்கிறது என்று பொருள். எதன் எதிரேயும் ஆடாவிடில், குறை செயலியில் இருக்கிறது. ஒலி அங்கிருந்து புறப்படவே இல்லை. தொலைக்காட்சியின் பெயருக்கு எதிரே பச்சை ஆடியும் ஒலி கேட்கவில்லையாயின், ஒலி கணினியை விட்டுப் புறப்படும் நிலையை எட்டிவிட்டது. குறை பெரும்பாலும் கேபிளிலோ பெட்டியிலோ, ஒலியின் வடிவத்திலோ இருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

செயலிகளின் தனி விருப்பம்

பாடல் தொலைக்காட்சியில் ஒலிக்கிறது. ஆனால் மகனோடு பேசத் தொடங்கினால் அவன் குரல் மட்டும் கணினியிலிருந்து வருகிறது. இதுவும் பலருக்கு நேர்வதே. ஜூம் போன்ற உரையாடல் செயலிகள் தமக்கெனத் தனி ஸ்பீக்கர் தெரிவு வைத்திருக்கின்றன. கணினியில் நாம் மாற்றியதை அவை ஏற்க வேண்டுமென்பதில்லை. ஜூமில் மைக் குறியின் அருகே உள்ள சிறு அம்பைத் திறந்தால் ஸ்பீக்கர்களின் பட்டியல் தோன்றும். அங்கும் தொலைக்காட்சியைத் தெரிவு செய்ய வேண்டும்.

அப்பட்டியலிலேயே மைக் என்பது தனியாக இருக்கும். அதை மாற்ற வேண்டாம். நம் குரல் கணினியின் மைக் வழியாகவே செல்லட்டும். ஆனால் தொலைக்காட்சியிலிருந்து எழும் ஒலி மீண்டும் அந்த மைக்கில் புகுந்தால், மறுமுனையில் இருப்பவருக்கு அவர் குரலே எதிரொலியாகக் கேட்கும். கணினியைத் தொலைக்காட்சியின் முன்னே வைக்காமல், நாம் அமர்ந்திருக்கும் இடத்தருகே வைத்து, ஒலியளவைச் சிறிது குறைத்தால் இத்தொல்லை பெரிதும் தணியும்.

கேபிளும் துளையும்

கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் நடைபெறுகிறது. கேபிளைச் செருகியதும், “நான் இன்ன அளவுப் படத்தைக் காட்ட வல்லேன், இன்ன வகை ஒலியை ஏற்பேன்” என்று பெட்டி தன் விவரச் சீட்டைக் கணினிக்குக் காட்டுகிறது. அச்சீட்டைக் கணினி சரியாக வாசிக்கத் தவறினால், எதிரே இருப்பது ஸ்பீக்கர் இல்லாத வெறும் திரை என்று எண்ணி, படத்தை மட்டும் அனுப்பும். படம் பழுதின்றி வந்தும் ஒலி வராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குரிய மருந்து எளியது. கேபிளை இருமுனையிலும் கழற்றுக. தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைத்தால் மட்டும் போதாது. சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்து ஓரிரு நிமிடம் விட்டு வைக்க. கணினியையும் முழுமையாக நிறுத்துக. பின்னர் கேபிளை அழுத்தமாகச் செருகி, முதலில் தொலைக்காட்சியை இயக்கி உரிய துளையைத் தெரிவு செய்தபின் கணினியை இயக்குக. பெட்டி முன்னரே விழித்திருந்தால் சீட்டு ஒழுங்காக வாசிக்கப்படும். அதன்பின்னும் பயனில்லையாயின், பெட்டியின் மற்றோர் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிப் பார்க்க.

கேபிள் வாங்க நேர்ந்தால் ஒரு சொல். பொன் பூசியது, ஒலியை இனிமையாக்குவது என்றெல்லாம் சொல்லி உயர்ந்த விலைக்கு விற்கப்படுபவை உண்டு. எச்.டி.எம்.ஐ. வழியே செல்வது எண்களாகவே செல்வதால், நல்ல நிலையிலுள்ள எளிய கேபிள் தரும் ஒலியும் விலையுயர்ந்த கேபிள் தரும் ஒலியும் ஒன்றே. இரண்டு அல்லது மூன்று மீட்டர் தொலைவுக்குச் சாதாரணக் கேபிளே போதும். நீளம் மிகக் கூடினால்தான் குறைகள் தலைகாட்டும்.

படம் மட்டுமே செல்லும் கேபிள்கள்

பழைய கணினிகளில் நீல நிறமும் 15 ஊசிகளும் கொண்ட வி.ஜி.ஏ. முனை இருக்கும். 1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிகளில் அறிமுகப்படுத்தியது அது. அதன் வழியே படம் மட்டுமே செல்லும். ஒலிக்கு அதில் இடமே இல்லை. வெண்ணிற முனையோடு வரும் டி.வி.ஐ. கேபிளும் பெரும்பாலும் படத்தையே சுமக்கும். இவற்றை வைத்துக்கொண்டு அமைப்புகளில் எவ்வளவு நேரம் தேடினாலும் ஒலி கிடைக்காது.

இங்கே ஒலிக்குத் தனி வயர் வேண்டும். கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து தொலைக்காட்சியின் ஒலி உள்வாங்கும் துளைக்கு ஒரு வயரை இணைக்க வேண்டும். கணினியின் ஒலித் தெரிவு அப்போது ஹெட்போன் அல்லது ஸ்பீக்கர் என்றே இருக்க வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் ‘ஆடியோ இன்’ என்று எழுதப்பட்ட துளையைத் தேடுக. அதே அளவில் ஹெட்போனுக்கான துளையும் அருகே இருக்கலாம். தவறி அதில் செருகினால், பெட்டி தன் ஸ்பீக்கரையே அடைத்துக்கொள்ளும். உள்ள ஒலியும் போய்விடும்.

எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் சிறு கருவியைப் பயன்படுத்துவோரும் இதை நினைவிற்கொள்க. அவற்றுள் பலவற்றின் பக்கவாட்டில் ஒலிக்கென ஒரு துளை இருக்கும். அங்கிருந்தும் தனி வயர் செல்ல வேண்டும்.

அரசு தந்த பெட்டிகள்

தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி சில இல்லங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினியும் அதே இல்லத்தில் இருக்கலாம். இவ்விரண்டையும் இணைக்க முடியுமா என்று கேட்போர்க்கு, முடியும் என்பதே விடை.

அத்தகைய படக்குழாய்ப் பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. துளை இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகளே இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. இடையே எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றும் சிறு பெட்டி வேண்டும். கடையில் ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவதும் அதே தோற்றத்தில் விற்கப்படுகிறது. ஒன்றை வாங்கி மற்றதன் வேலையை எதிர்பார்க்க முடியாது. மேலே எழுதியிருப்பதை வாசித்து வாங்குக. அதற்கு மின்சாரம் தரும் யு.எஸ்.பி. வயரையும் செருக மறவாதீர்.

சில சிறு பெட்டிகளில் சிவப்புத் துளை இராது. வெள்ளை ஒன்றே இருக்கும். அப்போது இடப்பக்க ஒலி மட்டும் கேட்கும். வலப்பக்கத்தில் பதிவான குரலோ இசைக்கருவியோ காணாமற்போகும். விண்டோஸ் அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ என்பதை இயக்கினால் இருபக்க ஒலியும் ஒன்றாகிவிடும். ஒரு காது மட்டும் கேட்கும் முதியோர்க்கு ஹெட்போன் அணிவிக்கும்போதும் இவ்வமைப்பு பெரிதும் உதவும்.

தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கம்

கணினியில் பச்சை ஆடுகிறது, கேபிளும் நன்று, ஆயினும் அமைதி நீடிக்கிறது என்றால் பெட்டியின் அமைப்புகளைத் திறக்க வேண்டும். ஒலிப் பகுதியில், ஒலி எங்கே வெளிப்பட வேண்டும் என்றொரு தெரிவு இருக்கும். முன்பு வெளி ஸ்பீக்கரையோ புளூடூத் ஹெட்போனையோ இணைத்திருந்தால், தெரிவு அங்கேயே நின்றிருக்கும். அதைப் பெட்டியின் சொந்த ஸ்பீக்கர் என்று மாற்றுக. ஆனால் கேபிள் ஒளிபரப்பிலும் ஒலி இல்லையா என்று முதலில் பார்ப்பது அறிவுடைமை. அதிலும் இல்லையாயின் கணினியைக் குறை கூறுவதில் பொருளில்லை.

சில பழைய தட்டைப் பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. துளையின் அருகே டி.வி.ஐ. என்றும் எழுதப்பட்டிருக்கும். அத்துளைக்கு அமைப்புகளில் டி.வி.ஐ. என்று பெயரிட்டிருந்தால், பெட்டி ஒலியைத் தனி வயரில் எதிர்பார்த்துக் காத்திருக்கும், எச்.டி.எம்.ஐ.யில் வரும் ஒலியைப் பொருட்படுத்தாது. பெயரை மாற்றினால், அல்லது வேறு துளைக்குச் சென்றால் ஒலி வந்துவிடும்.

இசை கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

இது விந்தையான குறை. திரைப்படத்தில் பின்னணி இசை முழங்கும். கதைமாந்தரின் பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருக்கும். பல ஸ்பீக்கர்களுக்கெனப் பிரிக்கப்பட்ட ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கே ஒதுக்கப்படுகிறது. நம் பெட்டியிலோ இடமும் வலமும் இரண்டே ஸ்பீக்கர்கள். கணினி ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக எண்ணி அனுப்பினால் நடுப்பங்கு நம்மை வந்தடையாமல் போகலாம். ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்று மாற்றினால் பேச்சு திரும்பும்.

இதற்கு அடுத்தது ஒலியின் வடிவம். டால்பி, டி.டி.எஸ். என்னும் வடிவங்களை எல்லாப் பெட்டிகளும் பிரித்துணர்வதில்லை. ஒரு குறிப்பிட்ட திரைப்படக் கோப்பில் மட்டும் ஒலி வராமல், மற்றவற்றில் வந்தால் இதுவே காரணமாகலாம். படமோட்டும் செயலியில், ஒலியை அப்படியே கடத்தும் முறையை நிறுத்தி, பி.சி.எம். என்னும் எளிய வடிவில் அனுப்புமாறு அமைக்க. அவ்வாறே ‘பிளேபேக்’ தாளில் தொலைக்காட்சியின் பண்புகளைத் திறந்து, 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று அமைப்பது பெரும்பாலான பெட்டிகளுக்கு ஒத்துவரும்.

உறுமல் ஒலியும் ஓர் எச்சரிக்கையும்

தனி வயரில் ஒலியை அனுப்புவோர் சிலருக்கு ஓயாத உறுமல் கேட்கும். கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், இரு கருவிகளும் வெவ்வேறு வழியில் நில இணைப்புப் பெறுவதால் எழும் ஒலி அது. நிகழ்ச்சி முடியும்வரை கணினியைப் பேட்டரியில் ஓட்டினால் போதும், அல்லது எச்.டி.எம்.ஐ.க்கு மாறிவிடலாம்.

ஆனால் இவ்வுறுமலைப் போக்க மூன்று கால் பிளக்கின் பெரிய காலை உடைப்பதும், இரண்டு கால் பிளக்காக மாற்றுவதும் கொடிய அறியாமை. அந்தக் கால்தான் மின்கசிவிலிருந்து உயிரைக் காப்பது. ஒலிக்காக அதை இழக்கலாகாது. இடி மின்னல் வேளையில் கணினியையும் தொலைக்காட்சியையும் கேபிள் ஒளிபரப்பு வயரையும் கழற்றிவிடுவதும் நன்று.

நேற்றுவரை வந்த ஒலி

நேற்றுவரை நன்றாக வந்த ஒலி, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பின் நின்றுவிடுவதும் உண்டு. ஒலியையும் படத்தையும் இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் மாறிவிட்டதே இதற்குக் காரணம். முதலில் கணினியை மறுமுறை இயக்குக. பயனில்லையாயின், விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். அல்லது கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதைப் பெறலாம். இலவசமாக டிரைவர் தருவதாக அழைக்கும் அறியாத தளங்களை நாடவேண்டாம். ஒலியைத் தேடிப்போய்க் கணினியையே இழக்க நேரும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதை இன்னும் பயன்படுத்துவோர் இதில் இருமடங்கு விழிப்பாயிருப்பது நலம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். முக்கியமான நேரலை உள்ள நாளில், தொடங்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் கேபிளைத் தேடுவது தவறு. முந்தின நாள் மாலையிலேயே எல்லாவற்றையும் இணைத்து, ஏதேனும் ஒரு பாடலை ஓடவிட்டு, முதியவரை அவர் அமரும் நாற்காலியிலேயே அமரச் செய்து, “தெளிவாகக் கேட்கிறதா?” என்று வினவுக. நமக்குக் கேட்பது அவருக்குக் கேட்க வேண்டுமென்பதில்லை. மெல்லிய பெட்டிகளின் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்திருப்பதால் பேச்சு மழுங்கும். ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் முறை இருப்பின் அதைத் தெரிவு செய்தால், ஒலியளவைக் கூட்டாமலேயே அவருக்குச் சொற்கள் விளங்கும்.

எல்லாம் சரியாக அமைந்த அன்று, எந்தத் துளை, எந்தத் தெரிவு என்பதை ஒரு சிறு தாளில் தமிழில் எழுதித் தொலைக்காட்சியின் பின்புறம் ஒட்டி வையுங்கள். இல்லத்தில் இதை அறிந்தவர் ஒருவரே இருந்து, அவர் வெளியூர் சென்ற நாளில் மற்றவர்கள் ஊமைப்படம் பார்க்கும் நிலை வேண்டாம். பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயதுத் தாத்தாவும் அத்தாளை வாசித்துத் தாமே இணைக்கப் பழகட்டும். முதன்முறை அரைமணி நேரம் ஆகலாம். மறுமுறை இரண்டு நிமிடம் போதும்.

இத்தனையும் செய்த பின்னும் ஒலி வரவில்லையாயின், வேறொரு கணினியை அதே பெட்டியில் இணைத்துப் பாருங்கள். அல்லது அதே கணினியை அண்டை வீட்டுப் பெட்டியில் இணைத்துப் பாருங்கள். எது மாறியபோது ஒலி வந்ததோ, அதுவே பழுதுபார்க்க வேண்டிய பொருள். அதை அறிந்தபின் கடைக்குச் செல்வோரை எளிதில் ஏமாற்ற முடியாது.